படி இறங்கும் எழுத்து

அன்றைக்கு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் குழப்பம் வராது. ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் கதையம்மா; வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து விழ வேண்டும் என்பதற்காக அந்த நாற்காலியை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அவருக்கு எதிரே கட்டில் ஓரத்தில் அவர் கணவர் லிஃப்ட்காரர், ஒரு காதில் மட்டும் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு, கைப்பேசியைத் தொடைமேல் வைத்தபடி. கதவை ஒட்டிய ஸ்டூலில் அவருடைய தங்கை, அதாவது கதையம்மாவின் நாத்தனார். அவர் இருப்பது மாடி வீட்டில்; இதோ எழுந்து போய்விடுவேன் என்கிற பாவனையில் உட்கார்ந்து கடைசிவரை போகாதவர். நடுவில் மேசை, மேசைமேல் மடிக்கணினி. அதன் முன்னால் இரண்டு மடக்கு நாற்காலிகளில் மேஸ்திரியும் அவள் தொழில் பங்காளியும்.

மேஸ்திரி என்றால் செங்கல் சிமெண்டு மேஸ்திரி இல்லை. இணையதளம் கட்டித் தருகிறவள். "தளம் போடுறவங்கதானே, அப்ப மேஸ்திரிதான்" என்று முதல் நாளே லிஃப்ட்காரர் பேர் வைத்துவிட்டார். அது ஒட்டிக்கொண்டது. அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் நேரம் எடுக்கிற அளவுக்குப் பழகிப்போனது.

கதையம்மா உருதுவில் கதை எழுதுகிறவர். அந்த வீட்டில் பேச்சு தமிழும் உருதுவும் கலந்து ஓடும். எழுத்து மட்டும் உருது. மாதம் ஒரு கதை அவருடைய தளத்தில் வரும். வாசகிகள் காத்திருந்து படிப்பார்கள். ஆனால் அங்கே இருந்தது எழுத்து அல்ல, எழுத்தின் படம். அச்சகத்துக்காரர் கதையை அழகாக அடித்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து மாட்டிவிடுவார். உருதுவை அதன் நடை கெடாமல் வலைப்பக்கத்தில் காட்ட அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. காதுக்குத்தான் ஒன்றும் இல்லை. லிஃப்ட்காரருக்குக் கண் போய் இரண்டு வருஷம் ஆகிறது, சர்க்கரை கொண்டுபோய்விட்டது. எழுத்தாக இருந்தால் கைப்பேசி அவருக்கு உரக்க வாசித்துக் காட்டும். மனைவியின் தளத்தைத் திறந்தாலோ, "படம். படம். படம்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

மனைவிதான் வாசித்துக் காட்டுகிறாரே, பின்னே என்ன என்று மேஸ்திரி முதலில் நினைத்தாள். அதற்கு அவர் பதில் சொன்னது வீட்டில் அல்ல, லிஃப்டில். வேலையை ஒப்புக்கொண்ட அன்று அவளை வழியனுப்புகிறேன் என்று கூடவே வந்தார். வேலை செய்த காலம் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவர். பொத்தானை விரல் தானே கண்டுபிடித்தது. கதவு மூடியதும், கயிற்றுக்கு எண்ணெய் போட்டு நாளாச்சு என்று சத்தத்தை வைத்தே சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவ முன்னெல்லாம் எழுதினா ஊசி மாதிரி இருக்கும்மா. படிச்சா சுருக்குனு தைக்கும். இப்ப வாசிச்சுக் காட்டுறதெல்லாம் பஞ்சு மிட்டாய். எல்லாரும் நல்லவங்க, எல்லாரும் கடைசியில சிரிக்கிறாங்க. ஒண்ணு, அவ எழுதினதை எனக்கு மாத்தி வாசிக்கிறா. இல்லைன்னா என் கண்ணோட சேர்ந்து அவ பேனாவும் போயிடுச்சு. எதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

அம்மாவிடமே கேட்டுவிடலாமே என்று அவள் சொன்னாள். கேட்டு, பேனாதான் போய்விட்டது என்றால் அந்தக் கேள்வியை எப்படித் திரும்ப வாங்குவது என்றார். சரி, உங்கள் தங்கையை வாசிக்கச் சொல்லலாமே என்றாள். அதற்கு அவர் சிரித்தார். தங்கை ஒரு வரி வாசித்தால் இரண்டு வரி சொந்த அபிப்பிராயம் வருமாம், எது கதை எது தங்கை என்று பிரிப்பதற்குள் தலைவலி வந்துவிடுமாம்.

ஆக, அன்றைக்கு முன்னறையில் லிஃப்ட்காரரைத் தவிர மேஸ்திரி ஒருத்திக்குத்தான் தெரியும், இது வெறும் தளம் புதுப்பிக்கிற வேலை இல்லை என்று.

பங்காளி மடிக்கணினியைக் கதையம்மா பக்கம் திருப்பினான். அச்சகத்துக் கோப்பிலிருந்து எழுத்தையெல்லாம் பிரித்தெடுத்து, படத்துக்குப் பதில் நிஜ எழுத்தாகவே போட்டிருந்தார்கள். புதுக் கதை, இன்னும் வெளிவராதது. கதையம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்தார். பிறகு, யாருடைய கதை இது என்று கேட்டார்.

நாத்தனார் ஸ்டூலிலிருந்தே எட்டிப் பார்த்தார். "அண்ணி, தலைப்பைப் பாருங்க. எழுத்தெல்லாம் சண்டை போட்டுக்கிட்டு ஆளுக்கொரு மூலையில நிக்குது. சேர்த்து வைக்கப் பெரிய மனுஷங்களைக் கூப்பிடணும்போல."

உள்ளே இருந்த பத்திகளும் தேறவில்லை. உருது எழுத்தில் ஒவ்வொரு சொல்லும் வலப்பக்கம் உயரத்தில் தொடங்கி, சரிந்து சரிந்து இடப்பக்கம் கீழே வந்து நிற்கும். நஸ்தாலிக் என்று அந்த நடைக்குப் பேர். திரையில் இருந்ததோ பாதி அந்த நடை, பாதி வேறு ஏதோ தட்டையான நடை. சரிந்து வந்த வரிகளுக்குத் தலை வெட்டுப்பட்டிருந்தது.

"எங்க எழுத்து படியில இறங்கி வரும்மா" என்றார் கதையம்மா. கோபமாகச் சொல்லியிருந்தால் மேஸ்திரிக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. "இதுல பாதி பேர் படியில விழுந்து கிடக்காங்க. மீதி பேர் தரையில வரிசை கட்டி நிக்கிறாங்க. இதை என் பேர்ல யாரும் பார்க்கக் கூடாது. எடுத்துடுங்க. பழையபடி படமே போதும்."

இத்தனை பேச்சுக்கும் நடுவில் லிஃப்ட்காரர் மட்டும் சாய்ந்து உட்கார்ந்து ஒரு காதால் வேறெதையோ கேட்டுக்கொண்டிருந்ததை மேஸ்திரி பார்த்தாள். அதே பக்கம் திறந்திருந்த அவர் கைப்பேசிக்கு எழுத்து சரிந்தால் என்ன, தலை வெட்டுப்பட்டால் என்ன. அது அழகைப் பார்ப்பதில்லை. ஜலதோஷம் பிடித்த அதிகாரி மாதிரி ஒரே குரலில் பிழையில்லாமல் வாசித்துக்கொண்டு போனது. அவர் முகத்தில் புருவம் ஒருமுறை ஏறியது. உதடு கோணியது. சிரிப்பா, வேறெதுவா என்று தெரிவதற்குள் கதையம்மா "எடுத்தாச்சா?" என்று கேட்டார். பங்காளி பொத்தானைத் தட்டினான். லிஃப்ட்காரரின் காதிலும் குரல் பாதி வாக்கியத்தில் நின்றுபோனது.

பங்காளி படியில் இறங்கிப் போய்விட்டான்; மேஸ்திரியோடு லிஃப்டில் அவர் மறுபடி கூட வந்தார்.

"மூணே வரி கேட்டேன்" என்றார். "எனக்கு வாசிச்சப்போ, புருஷன் ஒழுகுற குழாயைச் சரிபண்ணினான்னு இருந்துச்சு. இதுல, 'அவர் குழாயைப் பற்றிப் பேசினார். குழாய் ஒழுகியது'ன்னு இருக்கு."

அவருக்கு மட்டும் வேறொரு மூலையில் ஒரு பிரதி வைத்துத் தருகிறேன், அம்மாவுக்குத் தெரியவே தெரியாது என்று மேஸ்திரி சொன்னாள். அது அவளுக்குக் கண் மூடித் திறக்கிற வேலை. அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"கொல்லைப்புறமா வேணாம்மா. ஊருக்கு என்ன குடுக்கிறாளோ அதை ஊரோட சேர்ந்து நானும் வாசிக்கிறேன். அவ மனசார வெளியிடணும். நீங்க அந்த எழுத்தைப் படி இறங்க வைங்க, போதும்."

அவர்களுடைய அலுவலகம் சைக்கிள் கடைக்கு மேல் இரண்டு அறை. கீழே டியூபுக்குக் காற்றடிக்கிற சத்தம் மேலே வரை கேட்கும். மறுநாள் காலையில் மேஸ்திரி பழைய படத்தை ஒரு திரையிலும் புதுப் பக்கத்தை இன்னொரு திரையிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உருது அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. பத்திரிகையில் ஆறு வித்தியாசம் கண்டுபிடிப்பவர்கள் மாதிரி, இங்கே வளைவு இருக்கிறது அங்கே இல்லை, இங்கே ஒட்டியிருக்கிறது அங்கே பிரிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போனாள். தலைப்புக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பங்காளியைத் திரும்பிப் பார்த்தாள்.

"காத்தோட்டம் விட்டியா?"

அவன் தலைப்பைப் பெரிதாக்கிப் பார்த்தான். காற்றோட்டம் விடுவது அவனுடைய வழக்கம். எந்தத் தளமானாலும் தலைப்பில் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விடுவான். எழுத்தும் மூச்சு விட வேண்டாமா என்பான். மற்ற மொழிகளில் அது எடுப்பாகத்தான் இருந்தது; பாராட்டுக்கூட வாங்கியிருக்கிறான். கைகோத்து நடக்கிற எழுத்துக்கு நடுவே காற்று விட்டால் கை அறுந்துபோகும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணமும் இருந்தது. அந்த அலுவலகத்தில் அதைப் பார்த்தவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் கேட்ட ஒரே ஆளுக்குப் பார்க்க முடியாது. இரண்டும் முடிந்தவர்கள் கதையம்மாவும் நாத்தனாரும்தான், அவர்களோ கடைசி நாளில்தான் பார்த்தார்கள்.

"எனக்கு அது டிசைன் மாதிரிதான் தெரிஞ்சுது" என்றான்.

"அவங்க நாத்தனாருக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. சண்டைக் காட்சி டிசைன்."

காற்றோட்டத்தை எடுத்ததும் தலைப்பு ஒன்று சேர்ந்துகொண்டது. தலை வெட்டுப்பட்டதற்கும் காரணம் கிடைத்தது. ஒவ்வொரு வரிக்கும் அவர்கள் ஒதுக்கிய உயரம், நேராக நிற்கிற எழுத்துக்களுக்கு அளவெடுத்தது. மீறி எது வெளியே நீட்டினாலும் மறைத்துவிடு என்று வேறு எழுதி வைத்திருந்தார்கள். தாழ்வான கூரைக்கடியில் நெட்டையரைக் குடிவைத்துவிட்டு, இடிக்கிற தலையைச் சீவிவிட்ட கதை. கூரையை உயர்த்தினாள்.

மிஞ்சியது ஒன்று, அதுதான் பெரியது. இந்த நடையில் ஒரே எழுத்து பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்து உருவம் மாறும், உயரமும் மாறும். அத்தனை உருவங்களையும் சுமந்து வருகிற எழுத்துருக் கோப்பு, மற்ற எல்லாம் சேர்ந்த எடையைவிடக் கனமாக இருந்தது. நல்ல கணினியில் வந்து இறங்கிவிடும். பழைய கைப்பேசியில் அது வந்து சேரும்வரை கையிலிருக்கிற தட்டையான எழுத்தைப் போட்டுச் சமாளிக்கும். பல நேரம் கடைசிவரை அதுவே நிற்கும். கதையம்மா வைத்திருப்பதோ அப்படிப்பட்ட ஒரு கிழட்டுக் கைப்பேசி. அவர் வாசகிகளில் பாதிப் பேரிடமும் அதுதான்.

பங்காளி சோர்ந்துபோனான். படத்தையே போட்டுவிட்டுப் போகலாம், அவங்களே கேக்கிறாங்க, நமக்கென்ன என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. மேஸ்திரிக்குத்தான் லிஃப்டில் கேட்ட அந்த மூன்று வரி காதை விட்டுப் போகவில்லை. குழாய்க்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று அவளுக்கே தெரிய வேண்டியிருந்தது.

எழுத்துருக் கோப்பின் அடிவாலில், அதை வடித்தவரின் பேரும் மின்னஞ்சல் முகவரியும் இருந்தன. வேறு ஏதோ ஒரு நாட்டில் இருக்கிறவர். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் விட்டு வைத்திருந்தார். மேஸ்திரி அவருக்கு எழுதினாள். மற்றவர்களாக இருந்தால் கோப்பு கனமாக இருக்கிறது என்று மட்டும் எழுதியிருப்பார்கள். இவள் கட்டில், இயர்ஃபோன், "படம் படம் படம்", குழாய் எல்லாவற்றையும் எழுதினாள். அனுப்பிய பிறகு, முன்பின் தெரியாத மனிதரிடம் ஊர்க்கதை பேசிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. கதைகளை அனுப்பி வையுங்கள், அந்த அம்மா எப்படிப்பட்ட சொற்களைப் புழங்குகிறார் என்று பார்க்கிறேன் என்றார். அனுப்பினாள். அடுத்த வாரம் ஒரு கோப்பு வந்தது, பழையதில் கால் பங்குகூட இல்லாத எடையில். மற்ற மொழிகளுக்காக வைத்திருந்த குறிகளையும் இந்தக் கதைகளுக்கு ஒருநாளும் வேண்டியிராத உருவங்களையும் எடுத்துவிட்டு, வேண்டியவற்றில் ஒன்றையும் குறைக்காமல் அவர்களுக்கென்றே இளைக்க வைத்திருந்தார். கூடவே ஒரு குறிப்பு: உங்களிடம் இருப்பதிலேயே மட்டமான கைப்பேசியில் பார்த்துவிட்டு எழுதுங்கள், நல்லதில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

சைக்கிள் கடைக்காரரின் கைப்பேசியைக் கேட்டு வாங்கினார்கள். கண்ணாடி விரிசல் விட்டது, கிரீஸ் படிந்தது. பக்கம் திறந்தது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வரிகள் வந்து, ஒவ்வொரு சொல்லாகச் சரிந்து, படி இறங்கி நின்றன. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னனு தெரியல, ஆனா நல்லா எழுதியிருக்காங்க" என்றார். பங்காளி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். கிரீஸ் இவன் சட்டைவரை வந்தது.

கைம்மாறாக என்ன செய்யட்டும் என்று மேஸ்திரி வடித்தவருக்கு எழுதிக் கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்று பதில் வந்தது. அந்த அம்மா கையால்தானே எழுதுகிறார், அவருடைய கையெழுத்தில் ஒரே ஒரு பக்கம் தபாலில் அனுப்பினால் போதும். பகல் முழுக்கத் திரையில் எழுத்து செய்கிறவனுக்குக் காகிதத்தில் எழுத்தைப் பார்க்க ஆசை இருக்காதா என்று எழுதியிருந்தார்.

இரண்டாம் முறை முன்னறையில் அதே ஐந்து பேர், அதே இடங்கள். மடிக்கணினி மட்டும் பைக்குள்ளேயே இருந்தது. உங்கள் கைப்பேசியிலேயே திறங்கள் என்று மேஸ்திரி சொன்னாள். கதையம்மா திறந்தார். நாத்தனாரே வாயைத் திறக்கவில்லை.

அவர் விரல் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மெதுவாக நகர்ந்தது. ஒரு வரி, இன்னொரு வரி. கொஞ்சம் கீழே தள்ளினார், திரும்ப மேலே வந்தார். கைப்பேசியை வெளிச்சத்துக்குச் சாய்த்தார்.

"இறங்குதுங்க" என்றார், கணவரைப் பார்த்து. "படி படியா. ஒருத்தர் மேல ஒருத்தர் மோதாம இறங்குது."

"அப்ப வெளியிடலாமா?" என்று மேஸ்திரி கேட்டாள்.

"போடுங்கம்மா."

போட்டார்கள். லிஃப்ட்காரர் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. இயர்ஃபோன் காதில் ஏறிவிட்டது. அவர் கேட்கத் தொடங்கியபோதுதான் கதையம்மாவுக்கு நடக்கப்போவது உறைத்தது. எழுத்தைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர், அதை யார் கேட்கப்போகிறார் என்பதை யோசித்திருக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நாத்தனார் தண்ணீர் கொண்டுவர எழுந்து, கொண்டுவராமல் மறுபடி உட்கார்ந்தார்.

கதை சிறியதுதான். ஆனால் அறையில் ஒருவர் காதில் மட்டும் ஓடுகிற கதைக்காக நாலு பேர் காத்திருந்தால் அது நீளம். நடுவில் அவர் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. அப்புறம் மறுபடி, தோள் குலுங்கச் சிரித்தார். முடிந்ததும் இயர்ஃபோனைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"கடைசியில குழாயைப் பக்கத்து வீட்டுக்காரன் வந்து சரிபண்ணிட்டுப் போறான்" என்றார். "புருஷன் அதை நான் எப்படிப் பண்ணியிருப்பேன் தெரியுமான்னு விளக்குறான். பொண்டாட்டி பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்கா. எனக்கு வாசிச்சதுல அவனே சரிபண்ணினான்."

கதையம்மா தரையைப் பார்த்தார். "வாசிக்கும்போது உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே வாசிப்பேங்க. கொஞ்சம் வாடினாப்ல தெரிஞ்சா வாய் தானா மாத்திடும். கண்ணும் தெரியாம கிடக்கிற மனுஷனைக் குத்திக்காட்டணுமான்னு இருக்கும்."

"என் முகம் வாடினது எதுக்குன்னு நினைச்சே? கதை மட்டமா இருக்கேன்னு வாடுச்சு." அவர் இயர்ஃபோனை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். "இரண்டு வருஷமா உன் பேனா போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். என்னைப் பார்த்துக்கிறதுலயே அது தேஞ்சுபோச்சுன்னு. கேக்கவும் பயம். இப்ப கேட்டேன். நல்லாக் குத்துது."

"அது நீங்கதான்னு நான் எழுதலையே."

"நம்ம வீட்டு அடுப்படிக் குழாய் இன்னும் ஒழுகிக்கிட்டுதானே இருக்கு" என்றார் நாத்தனார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான். அதற்குக் கதையம்மாதான் முதலில் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

பங்காளி எழுந்து அடுப்படிப் பக்கம் பார்த்தான். ஸ்பேனர் இருக்கிறதா, ஒரு நிமிஷத்து வேலைதான் என்றான். யாரும் தொடக்கூடாது என்று லிஃப்ட்காரர் தடுத்துவிட்டார். அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று அவர் விளக்கத் தொடங்க, கதையம்மா நாற்காலியை இழுத்துக் கட்டில் பக்கமாகப் போட்டுக்கொண்டார். ஜன்னல் வெளிச்சம் தோளை விட்டு விலகிப் போனதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் வடித்தவருக்குக் கடிதம் எழுதினார்கள். மேஸ்திரி உறையும் தபால் தலையும் வாங்கிவந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். கோடில்லாத காகிதம், சாய்ந்த முனைப் பேனா. கணவர் சொல்லச் சொல்ல மனைவி எழுதுவது என்று ஏற்பாடு.

"நான் சொல்றதை அப்படியே எழுது" என்றார் லிஃப்ட்காரர். "குழாயைச் சரிபண்ணிடாதே."

அவர் சொல்லிக்கொண்டு போனார். அவர்களுக்குள் உருதுவில் ஓடியது மேஸ்திரிக்குப் புரியவில்லை. ஆனாலும் அவள் பேனாவின் பின்னாலேயே கண்ணை வைத்திருந்தாள். ஒவ்வொரு சொல்லும் உயரத்தில் தொடங்கிச் சரிந்து இறங்குவதை, அடுத்த சொல் மறுபடி மேலே ஏறி நிற்பதை, வாரக் கணக்காகத் திரையில் அவள் மல்லுக்கட்டியதைக் கை இயல்பாகச் செய்துகொண்டு போவதைப் பார்த்தாள். இதையா இத்தனை பாடுபட்டோம் என்று நினைத்தாள். பாடுபட்டதில் ஒரு துளியும் வீணில்லை என்றும் நினைத்தாள்.

எழுதி முடித்ததும் கதையம்மா உரக்க வாசித்துக் காட்டினார். கடைசிக்கு முந்தி ஓரிடத்தில் லிஃப்ட்காரர் கையைத் தூக்கினார்.

"இது நான் சொல்லலையே. மாத்துறியா?"

"மாத்தல. சேர்த்திருக்கேன்." அவர் மேஸ்திரிக்காக அந்த வரியைத் தமிழில் சொன்னார்: "இரண்டு வருஷமா எனக்கு என் முதல் வாசகர் இல்லாமப் போயிருந்தார். நீங்க அவரைத் திருப்பிக் குடுத்துட்டீங்க."

லிஃப்ட்காரர் தூக்கிய கையை இறக்கினார். பிறகு, இருக்கட்டும் என்றார். காகிதத்தைக் கேட்டு வாங்கி, விளிம்போடு விளிம்பு பொருந்துகிறதா என்று விரலால் தடவி மூன்றாக மடித்து, உறைக்குள் அவரே நுழைத்தார். பசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். பிரியவில்லையே என்று இன்னொருமுறை தடவிப் பார்த்துவிட்டு நீட்டினார்.

மேஸ்திரி லிஃப்டில் போகாமல் படியிலேயே இறங்கினாள். தெருமுனைத் தபால் பெட்டியின் வாயில் உறையை வைத்து ஒருமுறை முகவரியைச் சரிபார்த்தாள்; பிறகு விட்டாள். அது அடியில் போய் விழுந்த சத்தம் கேட்டது.